ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி

1924-இல் அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் ஆலையில் தரம் பார்க்க ஒரு வரைபடம் போட்டார். நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள். அளவுகள் உள்ளுக்குள்ளே ஏறி இறங்கினால் மெஷினைத் தொடாதே. வெளியே போனால் காரணம் தேடு. 1947-48-இல் இந்தியாவுக்கே வந்து பாடம் நடத்திவிட்டும் போனார். சென்னை பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு இந்த வழியிலான தரக்கட்டுப்பாட்டில் ஊறி, 1998-இல் தரத்துக்கான டெமிங் பரிசே வாங்கியது.

புவனகிரியில் பஸ்ஸேறி ஷிஃப்டுக்குப் போகும் தம்பிகளைக் கேட்டால் இந்த வரைபடம் போட இன்னொரு வழியும் சொல்வார்கள். எந்த ஆலை என்று மட்டும் கேட்கக்கூடாது. ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி, ஒரே பேனா, ஒரு மாத அளவுகள். புள்ளிகளெல்லாம் மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போல நடுக்கோட்டை ஒட்டியே அடக்கமாக நிற்கும்.

ஆனால் புள்ளியியல் பொல்லாதது. தொடர்ந்து 15 புள்ளிகள் நடுக்கோட்டருகே, ஒரு சிக்மா (திட்ட விலக்கம்) தூரத்துக்குள்ளேயே கிடந்தால் அதுவும் கோளாறுதான் என்கிறது விதி. எந்த மெஷினுக்கும் அவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

விவரம் தெரிந்த தம்பிகள் இப்போது நடுநடுவே இரண்டு புள்ளிகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறார்களாம்.

“இயற்கையா இருக்கட்டும் சார்!”