பூனைக்கு 3 சதவீதம்

ஜெர்மனியில் யாரோ தொலைத்த பூனையை வீட்டுக்குத் தூக்கி வந்தால் புண்ணியம் அப்புறம். முதலில் அதிகாரிகளுக்குத் தகவல். விலங்குகள் பொருள்கள் அல்ல என்று 1990-இலேயே சிவில் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த மையின் ஈரம் காய்வதற்குள், வேறு விதி இல்லாவிட்டால் பொருளுக்கான சட்டமே பொருந்தும் என்றும் சேர்த்துவிட்டார்கள்! ஆக, பூங்காவில் கிடந்த பர்ஸும் பூனையும் ஒரே ஜாதி. தகவல் கொடுத்து ஆறு மாதமாகியும் யாரும் தேடி வராவிட்டால் பூனை நமக்கு. வந்துவிட்டாலோ சன்மானம்: 500 யூரோ வரையிலான பொருளுக்கு 5 சதவீதம், விலங்குக்கு 3. ஒரு கண்ணில் பீளை வடியும் சாம்பல் பூனையின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதற்குள், அது சோபாவைச் சுவாதீனம் எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதற்கு மனு, முத்திரை எதுவும் தேவைப்படுவதில்லை.