கொலையாளியின் உறுப்பினர் அட்டை

மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆணவக் கொலை நடந்துவிட்டது, அவையில் என்ன பேசுவது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முன்னோர் வழி வகுத்து வைத்திருக்கிறார்கள். வெட்டியவர் எந்தக் கட்சி என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதிரணி என்றால் பொங்குங்கள். நம்ம கட்சி என்றால், பிணத்தின் மேல் அரசியல் செய்யாதீர்கள் என்று குரல் தழுதழுக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்சியிலும் இல்லாத ஆள் என்றால் கேன்டீனில் காபி நன்றாக இருக்கும்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2023 மார்ச் 21. கே.ஆர்.பி. அணைக்குப் பக்கத்தில், ஊரே நடமாடும் சாலையில், பட்டப்பகலில், பைக்கில் போன இளைஞரை மறித்து வெட்டிக் கொன்றார்கள். காதலித்துப் புதிதாகக் கல்யாணம் கட்டியவர். குற்றம்சாட்டப்பட்டவர்களில் முதல் ஆள் பெண்ணின் தகப்பனார். மறுநாளே சட்டமன்றத்தில் விவகாரம் வெடித்தது. அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் பதிலளித்தார். அந்தத் தகப்பனார் அ.தி.மு.க. கிளைச் செயலாளர் என்று பதிலில் ஒரு வரி வந்ததும், அவை அதுவரை இல்லாத சுறுசுறுப்பு கண்டது. கட்சிப் பெயரை எப்படிச் சொல்லலாம் என்று கூச்சல், பிறகு வெளிநடப்பு. செத்தவனுக்காக எழுந்திருக்காத கால்கள், வெட்டியதாகச் சொல்லப்பட்டவரின் கட்சிப் பதவிக்காக எழுந்தன.

அன்றைய ஆளுங்கட்சி மட்டும் யோக்கியமா? கிளைச் செயலாளர் என்ற சொல் எதிரணிக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்த வாய், அடுத்த கொலையைத் தடுக்கிற சட்டம் எப்போது வரும் என்று சொல்லவில்லை. சமூக நல்லிணக்கம் பேண வேண்டும் என்ற வேண்டுகோளோடு அந்த நாள் முடிந்தது. யார் யாரோடு இணங்க வேண்டும்? வெட்டுப்பட்டவர் அரிவாளோடா?

சரியாக 25 நாள். அதே மாவட்டம், ஊத்தங்கரை அருகே அருணபதி. தலித் பெண்ணைக் கல்யாணம் கட்டிவந்த மகனை அப்பனே வெட்டினான். பேரனுக்குப் பரிந்த பாட்டி, அதாவது வெட்டியவனைப் பெற்ற தாய், அவளும் செத்தாள். மருமகள் வெட்டுக்காயங்களோடு தப்பினாள்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் ஓசூர். 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. மேலாண்மை வாரியம் கேட்டு நம் எம்.பி.க்கள் பதாகையோடு மக்களவையின் மையத்தில் நின்று பல நாள் அவையையே நடத்தவிடவில்லை. தப்பில்லை, தண்ணீர் நம் உரிமை. அதே ஆண்டு நவம்பரில், சூளகிரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சாதி மாறிக் கல்யாணம் முடித்து, ஓசூரில் குடியிருந்த ஜோடியைப் பெண் வீட்டார் கடத்திக்கொண்டு போனார்கள். மாநில எல்லை தாண்டி, சிவனசமுத்திரம் பக்கம், கை கால்களைக் கட்டிக் காவிரியில் வீசினார்கள். பெண்ணுக்குத் தலையை மழித்திருந்தார்கள். உடல் கிடைத்தபோது கர்நாடகப் போலீசுக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. பையன் போட்டிருந்த டி-ஷர்ட்டில் அம்பேத்கர் படமும் அவன் ஊர்ப் பெயரும் இருந்தன. அதைப் பிடித்துத்தான் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த உடல்கள் அங்கே ஒதுங்காமல் ஆற்றோடு வந்திருந்தால் நம் எல்லையில் பிலிகுண்டுலுவைத்தான் கடந்திருக்கும். கர்நாடகம் விட்ட தண்ணீர் எத்தனை கன அடி என்று மத்திய நீர்வள ஆணையம் நாள் தவறாமல் அளக்கிற இடம் அது. ஒரு கன அடி குறைந்தால் அவையில் தீப்பறக்கும். நம் ஆட்கள் மேலே கொண்டுபோய்ப் போட்டதற்கு அங்கே அளவுகோல் கிடையாது.

கொலைக்குத்தான் சட்டம் இருக்கிறதே, தனிச் சட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்டும் இருக்கிறீர்கள். கொலைச் சட்டம் பிணம் விழுந்த பிறகு வருவது ஐயா. அதற்கு முந்தைய நாளைப் பாருங்கள். பதிவுத் திருமணச் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு பேர் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே நான்கு கார், வேட்டியை மடித்துக் கட்டிய இருபது பேர். உள்ளே சமாதானப் பேச்சு. பத்து நாள் அம்மா வீட்டில் இருந்துட்டு வாம்மா, நாங்க பொறுப்பு என்று ஒருவர் சொல்வார். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி, பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்புவார்கள். நீங்கள் அவையில் பேசுகிற நல்லிணக்கம் ஸ்டேஷனில் இப்படித்தான் இருக்கும். அந்தக் காரை மறிக்கத்தான் சட்டம் கேட்கிறோம்.

மத்தியச் சட்ட ஆணையம் 2012-இலேயே வரைவு மசோதா எழுதிக் கொடுத்துவிட்டது. சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில், மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமையுங்கள், 24 மணி நேர உதவி எண் வையுங்கள் என்றது. ஓசூர் ஜோடி ஆற்றுக்குப் போனது அதற்கு எட்டு மாதம் கழித்து. உங்கள் மாவட்டத்து உதவி எண் உங்கள் செல்போனில் இருக்கிறதா? மணல் லாரிக்காரர் எண் இருக்கும்.

ஏன் பயம் என்பதும் தெரிந்ததுதான். 2021-இல் கிருஷ்ணகிரித் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 794 வாக்கு. ஒரு சாதிச் சங்க மாநாட்டுப் பந்தியில் முதல் வரிசைகளில் உட்காருகிற கூட்டம்தான் அது. அந்த இலையை யார் எடுப்பார்? அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கழகங்களும் சொல்லிவைத்தாற்போல் இணக்கமாக இருந்தன.

மற்றபடி உங்கள் வேகத்துக்குக் குறைவில்லை. 2024 ஜூனில் 110 விதியின் கீழ் ஓர் அறிவிப்பு, ஓசூருக்கு 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம். விவாதம் கிடையாது, ஒரே மூச்சு. சிப்காட்டில் தொழிற்சாலை வைக்க வருகிறவருக்கு எல்லா அனுமதியும் ஒற்றைச் சாளரத்தில். அந்தத் தொழிற்சாலைக்குள் ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்து, ஒரே ஷிப்டில் ஸ்பேனர் பிடித்து, ஒருவரையொருவர் பிடித்துப்போகிற இரண்டு பேர் திருமணச் சான்றிதழ் கேட்டுப் போனால் அந்தச் சாளரம் அடைத்துக்கொள்ளும். மூலதனம் சாதி பார்க்காமல் வரலாம், வந்த பிள்ளைகள் சாதி பார்த்துத்தான் குடித்தனம் நடத்த வேண்டும். இதற்குப் பெயர் தொழில் வளர்ச்சி, சமூக நீதி இரண்டும் சேர்ந்த மாதிரி மாநிலம்.

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் பொறியாளரை வெட்டிச் சாய்த்தபின்தான் கோட்டை அசைந்தது. அக்டோபர் 17-இல் முதலமைச்சர் அவையில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்று அறிவித்தார். சட்ட ஆணையத்தின் வரைவுக்குப் பதின்மூன்று வயது ஆனபோது, சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய ஆள் போட்டோம். சரி, அதுவாவது நடந்ததே.

மசோதா வருகிற நாளில் மேசையைத் தட்டுவீர்கள். கட்சி பேதமில்லாமல் தட்டுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு வேறொரு நாள்தான் தெரிய வேண்டும். தொகுதியில் உங்கள் சாதிச் சங்கத்து விழா. ஜாமீனில் வந்தவர் மேடை ஏறுகிறார், கையில் உங்களுக்கான சால்வை. கழுத்தை நீட்டுவீர்களா, எழுந்து போய்விடுவீர்களா? வெளிநடப்பு உங்களுக்குப் பழக்கமில்லாத காரியம் ஒன்றும் இல்லையே.