கையில் வெண்ணெய்: ஸ்பானிஷ், ஆங்கில உச்சரிப்பு குறித்த ஓர் ஆய்வு

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைபவரைப் பற்றிப் பழமொழி உண்டு, ஆய்வு இல்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுக்களம், ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஸ்பானிஷ் கற்கையிலும், ஸ்பெயின்காரரும் மெக்சிகோக்காரரும் ஆங்கிலம் கற்கையிலும் படும் பாடு. ஆய்வுக்கருவிகள், ஒரு கைக்கண்ணாடி, ஒரு மெல்லிய காகிதத் துண்டு, பக்கத்து அறையில் தூங்க முயல்பவரின் பொறுமை. கருதுகோள் இது: இவர்கள் தேடும் ஒலி இவர்கள் வாயிலேயே இருக்கிறது. வேறோர் எழுத்தின் பெயரில் குடியிருப்பதால் அடையாளம் தெரிவதில்லை.

முதற்கண் வெண்ணெய். இது உவமை அன்று என்க. அமெரிக்கர் 'பட்டர்' என்று சொல்லும்போது நடுவிலிருக்கும் டகரத்தை முழுதாகச் சொல்வதில்லை. நாநுனி மேற்பல்லின் பின்னுள்ள மேட்டை ஒருமுறை தட்டிவிட்டு ஓடிவிடும். அவர்கள் வாயில் 'வாட்டர்' 'வாரர்' ஆவதும் இதனாலேயே. அமெரிக்க மாப்பிள்ளை விடுமுறைக்கு வந்து தண்ணீர் கேட்டதைப் பார்த்த குடும்பங்களுக்கு இதற்குமேல் சான்று வேண்டா. அந்த ஒற்றைத் தட்டுதான் ஸ்பானிஷ் மொழியின் 'பெரோ'வில் வரும் ரகரம். 'ஆனால்' என்று பொருள். அதே அமெரிக்கர் ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்ந்ததும், ரகரத்துக்குரிய எழுத்தைக் கண்டு, தம் ஊர் ரகரத்தை எடுத்து நாக்கு எங்கும் படாமல் வாய்க்குள் சுருட்டுகிறார். ஆசிரியர் தலையில் கை வைக்கிறார். காலையில் ரொட்டியில் தடவியது இவருக்கு மாலையில் நினைவில்லை.

அஃதேல் 'பெர்ரோ' எங்ஙனம் எனின், அது நாய். தட்டு ஒன்றானால் 'ஆனால்'. இரண்டு மூன்றாகி அதிர்ந்தால் நாய். இந்த அதிர்வுக்கு ஆங்கிலத்தில் வெண்ணெய் கிடையாது, கடைந்துதான் ஆக வேண்டும். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கே கடைசியில் வசப்படும் ஒலிகளுள் இதுவும் ஒன்று. ரகரம் வேறு, றகரம் வேறு என்று எழுத்தில் மட்டும் காப்பாற்றி, வாயில் பெரும்பாலும் கலந்துவிட்ட நாம் இவ்விடத்தில் சிரிக்காமல் கடப்பது நன்று.

இனிக் காகிதம். ஆங்கிலேயரை வாய்க்கு முன்னால் ஒரு துண்டுப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு 'பேப்பர்' என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் எழுத்திலேயே மூச்சு புஸ்ஸென்று வெளிப்பட்டு பேப்பர் ஆடும். ஸ்பெயின்காரரை அதே பொருளைத் தம் மொழியில் 'பபெல்' என்று சொல்லச் சொல்லுங்கள், ஆடாது. இந்த மூச்சில்லாப் பகரம் வராமல்தான் ஆங்கிலேயரின் ஸ்பானிஷ், வார்த்தைக்கு வார்த்தை மெழுகுவத்தி அணைப்பதுபோல் இருக்கிறது. ஆனால் அது அவரிடம் இல்லாமலில்லை. சகர ஒலிக்குப் பின்னால் வரும்போது ஆங்கிலப் பகரம் மூச்சை விடுவதில்லை. 'ஸ்பூன்' என்று சொல்லச் சொன்னால் காகிதம் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. 'ஸ்பெயின்' என்றாலும் அப்படியே. அதாவது அந்த நாட்டின் பெயரைச் சொல்லும்போதே அந்த நாட்டின் பகரத்தை ஆங்கிலேயர் பிழையின்றிச் சொல்லிவிடுகிறார்.

வேடிக்கை என்னவெனில், ஆங்கிலேயர் அந்தப் பகரத்தை ஒளித்து வைத்திருக்கும் இந்த வாசலில்தான் ஸ்பானிஷ்காரர் கால் இடறி விழுகிறார். சகரமும் மெய்யும் அடுத்தடுத்துச் சொல்லின் தலையில் நின்றால் அவர் நாக்கு உள்ளே நுழையாது. எகரத்தை முன்னே அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்லும். பள்ளி 'எஸ்கூல்', நாடு 'எஸ்பெயின்'. இது சோம்பல் அன்று, பரம்பரை. லத்தீனின் 'ஸ்கோலா'வை 'எஸ்குவேலா' ஆக்கியதும், 'ஸ்டெல்லா' என்னும் விண்மீனை 'எஸ்த்ரெய்யா' ஆக்கியதும் இதே நாக்குதான். இஸ்கூலில் படித்து இஸ்டேஷனில் ரயிலேறிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்பானிஷ்காரரின் வெண்ணெய்ப் பானை வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அவர்கள்' என்பதற்கான 'தே'யை அவர் 'டே' என்கிறார்; அவர்கள் பகலாகிவிடுகிறார்கள். நாக்கைப் பற்களுக்கிடையே மெல்ல நுழைத்து விடும் அந்த ஒலி தம் மொழியில் இல்லை என்று சத்தியம் செய்கிறார். பேச்சு முடிந்து, 'ஒன்றுமில்லை' என்று தோளைக் குலுக்கி, 'நாதா' என்கிறார். ஆசிரியர் அதைக் காதில் வாங்கியிருந்தால் அன்றே பாடம் முடிந்திருக்கும். நம் 'அது'வில் தகரம் இளகுவதுபோல், அங்கே இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்ட டகரமும் இளகி, ஏறத்தாழ அந்த ஆங்கில ஒலியே ஆகிவிடுகிறது. ஒன்றுமில்லை என்று சொல்லும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது அது.

மெக்சிகோக்காரர் 'நான் சிந்திக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்போய் 'நான் மூழ்குகிறேன்' என்று முடிப்பதும் பல்லிடுக்கு ஒலியால் வந்த வினையே. மாட்ரிட்காரருக்கு இந்தத் துன்பம் இல்லை; ஐந்து என்பதைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்திலேயே அவரிடம் அந்த ஒலி உண்டு. (முற்காலத்து மன்னர் ஒருவர் மழலை பேச, குடிமக்கள் மரியாதைக்காகப் பின்பற்றியதால் அது வந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதை நம்பற்க. அப்படியானால் எல்லாச் சகரமும் கெட்டிருக்க வேண்டும். வீட்டைக் குறிக்கும் 'காஸா'வில் சகரம் சுகமாகவே இருக்கிறது.)

வெண்ணெயைக் கைமாற்றிவிட்டுத் திரும்ப வாங்காமல் விட்ட வழக்கும் ஒன்றுண்டு. 'ஷூ' என்பது ஸ்பானிஷ்காரருக்கு 'சூ' ஆகிறது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் பாட்டனாருக்கு ஷகரம் இருந்தது. 'ஹெரெஸ்' என்று இன்று சொல்லும் ஊரை அன்று 'ஷெரெஸ்' என்றார்கள். அவ்வூர் மதுவை வாங்கிய ஆங்கிலேயர் 'ஷெரிஸ்' என்று அழைத்து, கடைசிச் சகரம் பன்மை விகுதி போலும் என்று தாமே முடிவுகட்டி, ஒருமையில் 'ஷெரி' ஆக்கிக் குடித்தனர். ஸ்பெயினில் அந்த ஒலி தொண்டைக்குள் இறங்கிக் கரகரப்பாயிற்று. ஸ்பானிஷ் எழுத்தாளர் செர்வாந்தெஸ் 1605-இல் அச்சேற்றிய கதைவீரனின் பெயரில் அந்த ஒலிக்கு நின்ற எழுத்தையும் 1815-இல் மாற்றிவிட்டார்கள். தொலைந்த ஷகரம் இன்றைக்கும் ஆங்கிலேயரின் புட்டியில் பத்திரமாக இருக்கிறது.

இவ்வளவு தூரம் வெற்றிநடை போட்ட கருதுகோள் உயிரெழுத்துகளிடம் வந்து சறுக்குகிறது, மறைக்க விரும்பவில்லை. ஸ்பானிஷில் உயிர் எழுத்தும் ஐந்து, உயிரொலியும் ஐந்து. ஆங்கிலத்தில் எழுத்து அதே ஐந்து; தென் இங்கிலாந்தின் செம்மை வழக்கில் ஒலிகளோ சுமார் 20. குறில் நெடில் பிரிக்காத ஸ்பானிஷ்காரர் விடுதியில் படுக்கை விரிப்புக் கேட்டால் மலத்தைக் கேட்டதாக ஆகிவிடுகிறது. நண்பர்களைக் கடற்கரைக்கு அழைத்தாலும் வசைதான். எதிர்த்திசையில் ஆங்கிலேயர், அழுத்தம் விழாத உயிரையெல்லாம் முனகலாக்கும் பழக்கத்தோடு வருகிறார். 'எர்மானோ' சகோதரன், 'எர்மானா' சகோதரி. கடைசி எழுத்தை இவர் முனகியதில் குடும்பத்தில் யார் யாரென்றே தெரியவில்லை. இவ்விரு நோய்க்கும் கையிருப்பில் வெண்ணெய் இல்லை.

எழுத்தை நம்பாதே என்பதற்கு ஆங்கிலம் தரும் புகழ்பெற்ற சான்று, மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்' என்ற சொல்லை 'கோட்டி' என்று படிக்கத்தக்க எழுத்துகளால் எழுதிக் காட்டும் கிண்டல். பெர்னார்ட் ஷா செய்தது என்று எல்லாரும் சொல்வார்கள். அது 1855-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது; ஷா பிறந்தது 1856.

ஆய்வேட்டை அச்சுக்கு அனுப்பினேன். 'ஸ்பானிஷ்' என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் 'எசுப்பானியம்' என்று திருத்தி மெய்ப்பு வந்தது. காரணம் கேட்டேன். "மெய்யெழுத்தை முதலில் வைத்துச் சொல் தொடங்கக் கூடாதுங்க ஐயா, எங்க வாத்தியார் அடிப்பாரு" என்றார் மெய்ப்புத் திருத்துபவர். தம் மொழிக்கு அதைப் பேசுவோர் வைத்திருக்கும் பெயரும் எகரத்தில்தான் தொடங்குகிறது, 'எஸ்பாஞோல்'. அதை அவர் கேள்விப்பட்டதில்லையாம்.