டிரைவர் சீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரிஜினல்

போடிநாயக்கனூரில் பழைய ஜீப் வைத்திருக்கும் ஏலக்காய்த் தோட்ட முதலாளியை அடையாளம் காண்பது சுலபம். வண்டி என்ன மாடல் என்று கேட்டால் வருஷத்தைச் சொல்லமாட்டார். "எல்லாமே ஒரிஜினல்" என்பார். முன் கிரில், மடக்கிவிடும் கண்ணாடி, பானெட்டின் பக்கவாட்டுக் கொக்கி என்று ஒவ்வொன்றையும் தடவிக் காட்டுவார். 1947இல் பம்பாயில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய கதை, குலதெய்வக் கதைக்கு அடுத்தபடியாக அவருக்கு மனப்பாடம். இத்தனையையும் அவர் சாய்ந்துகொண்டு சொல்லும் சீட்டு மட்டும் ஏதோ புதுக் காரிலிருந்து கழற்றியது. தலைக்கு அணை, கைக்கு அணை, இடுப்புக்கு ஒரு தனிப் புடைப்பு. பழமைப் பற்று மனிதனுக்குக் கண்ணில் தொடங்குகிறது, முதுகுத்தண்டை எட்டுவதில்லை என்பது என் கணிப்பு. அதற்கு இந்த ஜீப்பைவிடத் தோதான சாட்சி கிடைக்காது.

பழைய சீட்டுக்குச் சாமான் கிடைக்காது என்பது அவருடைய முதல் வாதம். 1962இல் வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருக்கும் இங்கிலாந்துக்காரர் இப்படிச் சொன்னால் இரக்கப்படலாம். அந்தச் சீட்டைத் தாங்குவது இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டைகள். ரப்பர் வெடித்துத் தொய்ந்தால் ஓட்டுகிறவர் வருஷத்துக்கு ஒரு விரற்கடை பூமியை நோக்கி இறங்குவார். கடைசியில் ஸ்டீயரிங் வளையத்துக்குள்ளே சாலையைத் தேட வேண்டியதுதான். அப்படியிருந்தும் அங்குள்ள பித்தர்கள் பட்டை, திண்டு, தோல், ஓரத்து பைப்பிங் தையல் வரை பழைய அளவிலேயே மறுபடி செய்து மாட்டுகிறார்கள். ஜீப் சீட்டில் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது? வளைத்த இரும்புக் குழாய், மேலே மெல்லிய திண்டு, சுற்றிப் படுதாத் துணி அல்லது ரெக்சின். சண்டைக்குச் செய்த வண்டி அது. சிப்பாய் சொகுசாகச் சாய வேண்டும் என்று எவரும் கவலைப்படவில்லை. எந்தக் குஷன் கடையிலும் அதைத் தைத்துவிடுவார்கள். ஊரோ இலவம் பஞ்சு மெத்தைக்குப் பெயர் போன ஊர். (இலவம் பஞ்சு சீட்டுக்குள் சீக்கிரம் அமுங்கிப்போகும், மெத்தையைப் போல வெயிலில் போட்டுத் தட்டியெடுக்க வேண்டும் என்பது நியாயம்தான். தேங்காய் நாருக்கு என்ன குறை?)

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் இறங்கினால் தோட்டத்துப் பாதை வெறும் கல். முதுகு வலித்தால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் வண்டி பள்ளத்தில் கிடக்கும். மறுக்க முடியாது. ஆனால் இந்த நியாயத்தை ஜீப்புக்குள் இன்னும் மூன்றடி பின்னால் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். பின்பக்கம் இரண்டு பெஞ்சுகள், எதிரெதிராக, சக்கரத்தின் மேல்மூடியை ஒட்டி. அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்தவருக்குத்தான் குதிப்பு முழுசாக வந்து சேரும். பட்டை ஸ்பிரிங் அதில் தள்ளுபடி ஏதும் செய்வதில்லை. முன்னால் இருப்பவருக்கு வளைவு எப்போது வரும் என்று தெரியும், பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங்கும் உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்த காய் எடுக்கும் பெண்களுக்கு வளைவு வந்த பிறகுதான் தெரியும். பிடிப்பதற்குப் பக்கத்து ஆளின் தோள். முதுகுவலிதான் காரணமென்றால் முதல் ஸ்பாஞ்சு பின்பெஞ்சுக்கல்லவா போயிருக்க வேண்டும்? அங்கே இன்றும் பலகையும் ரெக்சினும்தான். சாக்கை நாலாக மடித்துப் போட்டுக்கொள்வது அவரவர் சாமர்த்தியம்.

முதலாளி சட்டமும் பேசுவார். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021இல் தனி விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருந்தால் அது பழம்பெரும் வண்டி ஆகாது. சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை பாருங்கள் என்பார். இல்லைதான். அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாமே தவிர அன்றாடம் ஓட்டக்கூடாது என்று அதே விதி சொல்வதை அவர் படிப்பதில்லை. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டி எந்தப் பேரணிக்குப் போகிறது?

ஒன்று மட்டும் அவருக்காகச் சொல்லலாம்: கழற்றிய சீட்டை அவர் எறிவதில்லை. காய் உலர்த்தும் ஸ்டோரில், மூட்டைகளுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். கொச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வண்டி பார்க்க ஆள் வருகிற அன்று நாலு போல்ட்டில் மறுபடி ஏறிக்கொள்ளும். மற்ற நாளில் குஷன்காரர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: "மொதலாளி, ஸ்பாஞ்சு மிச்சம் கெடக்கு. பின்பெஞ்சுக்கும் போட்டுத் தச்சிரவா?"

"அதுல மட்டும் கை வச்சிராதப்பா. ஒரிஜினல் அது."