வெள்ளிக்கிழமைக் கணக்கு

ஜும்ஆ கூடுவதற்கு அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஆண்கள் 40 பேர் வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். முல்லைத்தீவில், முள்ளியவளைக்கு அருகே தண்ணீரூற்றில் நாங்கள் வளர்ந்த காலத்தில் அந்தக் கணக்கை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை முற்பகலிலேயே வயலிலிருந்தும் கடையிலிருந்தும் திரும்பி, கிணற்றடியில் குளித்து, வெள்ளைச் சாரமும் அத்தர் வாசமுமாக ஆட்கள் பள்ளிவாசலுக்கு நடக்கத் தொடங்குவார்கள். பிந்திவரும் பொடியன்களுக்கு உள்ளே இடமிராது, வெளியே மரநிழலில் பாய் விரித்துத்தான் தொழுகை. அந்த நிழலுக்காகவே நாங்கள் பிந்துகிறோம் என்பது வாப்பாமாருக்கும் தெரியும், அவர்களும் ஒரு காலத்தில் அப்படிப் பிந்தியவர்கள்தானே!

ஹவுழ் படியில் குந்தி வுழூ எடுக்கும்போது சின்ன மீன்கள் விரலைக் கொத்தும். அந்தக் கூச்சத்தில் சிரித்துவிட்டு, பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்ததும் முகத்தைக் கழுவுவதுபோல் மறைத்துக்கொண்ட பிள்ளைகள் உங்களிலும் இருப்பார்கள். மோதினாரின் வெறுங்குரல் காற்றடிக்கும் பக்கமெல்லாம் போகும். லுஹர் பாங்கு கேட்டால் வயலில் நிற்கும் அயல் தமிழ்ச் சனமும் சாப்பாட்டு நேரம் என்று மண்வெட்டியைச் சாத்தும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அவர்கள் போவதும், வெள்ளிக்கிழமை நாங்கள் பள்ளிக்குப் போவதும் ஒரே ஊரின் நாட்காட்டியில் இருந்தன.

1990 ஒக்டோபரில் அந்த நாட்காட்டி கிழிந்தது. வடக்கின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவுச் சனம் வவுனியா வழியாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தது. கிடுகுக் கொட்டிலில் பாய் விரித்து ஐவேளையும் தொழுதோம். சொந்த ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு தங்கியிருப்பவரை அந்த 40 பேரில் சேர்ப்பதில்லை என்றும் சட்டம் சொல்கிறது. புத்தளத்து ஊரவர்களால் அங்கே கணக்கு நிறைந்தது, ஆனால் அடுத்த நோன்புக்குள் போய்விடுவோம், அதற்கடுத்த நோன்புக்குள் போய்விடுவோம் என்றிருந்த எங்கள் பெரியவர்களோ, தொழுத ஊரில் குடியிராமல், குடியிருந்த ஊரில் தொழ முடியாமல் மௌத்தானார்கள். 1996இல் அரசு மணிக்கூட்டை முன்னே நகர்த்தியபோது, புலிகளின் வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. எங்கள் முகாமில் ஒரு பெரியவர் தன் கைக்கடிகாரத்தைத் திருப்ப மறுத்து, சூரியன் சாய்ந்தால் லுஹர், அதை எந்த அரசாலும் மாற்ற முடியாது என்று சொல்லிச் சிரித்தார், அன்று அந்தக் கொட்டிலே சிரித்தது.

2009க்குப் பிறகு சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இப்போது பள்ளிவாசல் தரையில் மாபிள், தலைக்கு மேல் மின்விசிறி, வுழூவுக்குக் குழாய், தொழுகை நேரம் சொல்லச் சட்டைப்பையில் கைப்பேசி. அதே கைப்பேசி இரண்டாவது ரக்அத்தில் சினிமாப் பாட்டுப் பாடும்போது, அதன் சொந்தக்காரரைத் தவிர எல்லோருக்கும் அது யாருடையதென்று தெரிந்துவிடும். வசதி வந்ததில் எனக்குச் சந்தோசம்தான். முழங்கால் நோகும் வயதில் மின்விசிறியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுபஹுக்குப் போனால் ஒரு ஸஃப் நிறைவதே பெரும்பாடு. காடு மூடிய காணிகளும், புத்தளத்தில் வேர்விட்ட பள்ளிக்கூடமும் தொழிலும் கல்யாணமும் பிள்ளைகளை அங்கேயே பிடித்து வைத்திருக்கின்றன. அவர்களை எப்படிக் குறை சொல்வது, அவர்கள் பிறந்த ஊர் அது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பெருநாளுக்கு வந்து, பள்ளிவாசலைப் படம் பிடித்துக்கொண்டு, அன்றைக்கே பஸ் ஏறும் தம்பிமாரே, அடுத்த முறை பிள்ளைகளோடு வந்து ஒரு விடுமுறை முழுக்கத் தங்குங்கள். வாப்பாவின் காணியைத் துப்பரவாக்கிக் கிணற்றை இறைத்துவிடுங்கள். முடிந்தவர்கள் குடிவாருங்கள். கட்டடத்தை யாருடைய காசிலும் எழுப்பலாம், ஜும்ஆவுக்கு ஊரில் குடியிருக்கும் ஆட்கள்தான் வேண்டும்.