போலீஸ் நடத்திய பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பொறியாளர் ஒருவர் மேற்படிப்பில் சேரப் போகிறார் என்று கேள்விப்பட்டால் வாழ்த்துச் சொல்ல அவசரப்படாதீர்கள். அவர் ஏற்கெனவே அங்கே எம்.எஸ். முடித்தவர். அதைக் காட்டித்தான் வேலையே வாங்கினார். தேறாதவன் மறுபடி படிப்பது உலக வழக்கம். தேறி, வேலையில் அமர்ந்து, ஒழுங்காக வரியும் கட்டியவனை இழுத்துவந்து முதல் செமஸ்டரில் உட்கார வைப்பது வல்லரசின் வழக்கம்.

கணக்கு இதுதான். அங்கே படித்து முடித்த வெளிநாட்டு மாணவர், ஓபிடி என்ற அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். பொறியியல், அறிவியல் படித்தவருக்கு இன்னும் 24 மாதம் உண்டு. அதற்குள் எச்-1பி என்ற வேலை விசா கிடைத்தாக வேண்டும். ஆண்டுக்கு 65,000 விசா. அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு மேலும் 20,000. கேட்பவர்கள் பல மடங்கு என்பதால் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஆள் எடுக்கிறது. ஆக, கடன் வாங்கி, கண்விழித்துப் படித்த பட்டத்துக்கு அந்த நாடு தரும் மரியாதை, குலுக்கலில் இன்னொரு வாய்ப்பு.

லாட்டரி குடும்பத்தைக் கெடுக்கும் என்று தமிழ்நாட்டில் 2003இல் தடை போட்டோம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து, பிள்ளையையே சீட்டாக்கி அனுப்பும் இந்த லாட்டரிக்கு மட்டும் தடை இல்லை. மாறாக, கல்யாணச் சந்தையில் தனி விலை உண்டு.

குலுக்கலில் பெயர் விழவில்லை, ஓபிடி முடிகிறது. 60 நாளில் மூட்டை கட்ட வேண்டும். இல்லையென்றால் மறுபடி மாணவராக வேண்டும். பொறியாளருக்கு ஞானதாகம் பிறப்பது இந்த 60 நாளில்தான். அதைத் தணிக்கவே சில கல்லூரிகள் கடை விரித்திருக்கின்றன. ‘முதல் நாளே சிபிடி’ என்பது அவற்றின் கூவல். சேர்ந்த அன்றே முழுநேர வேலைக்கு அனுமதி. அந்த வேலைதான் பாடத்தின் பகுதி என்று தாளில் இருந்தால் போதும். எப்போதாவது ஒரு வார இறுதியில் விமானம் ஏறிப் போய், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பலாம். எல்லாம் அரசு அங்கீகாரத்தோடுதான். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பியில் ஆள் எடுக்க 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்களே, உள்ளேயே மாணவராக இருப்பவரை எடுத்தால் அந்தச் சுமை இல்லை. கல்வியின் பெருமையை இதைவிட எந்த நாடு உயர்த்திப் பிடிக்கும்?

ஆனாலும் இந்தத் துறையில் மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. டெட்ராய்ட் பக்கத்தில் ஃபார்மிங்டன் ஹில்ஸில் அதற்கு அலுவலகம் இருந்தது. இணையதளம் இருந்தது. ‘அறிவும் உழைப்பும்’ என்று லத்தீனில் பொறித்த முத்திரை இருந்தது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கலாம் என்ற அரசுப் பட்டியலில் பெயர் இருந்தது. ஆசிரியர் மட்டும் இல்லை. பாடமும் வகுப்பும் இல்லை. ஏனென்றால் அதை நடத்தியது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. நிர்வாகிகளாக உட்கார்ந்திருந்தவர்கள் வேஷம் கட்டிய குடிவரவுப் போலீசார்.

சுமார் 600 பேர் சேர்ந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் இந்தியர்கள். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 12,000 டாலர் கட்டினார்கள். ஆள் பிடித்து வந்த தரகர்களுக்கு அந்த வேஷதாரிகளே காசு கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் பட்டமளிப்பு விழா நடந்தது: 8 தரகர்கள் மீது வழக்கு, மாணவர்கள் கையில் விலங்கு. முதல் வீச்சில் சிக்கிய 130 பேரில் 129 பேர் நம் நாட்டவர். டெல்லி கவலை தெரிவித்தது. அந்தக் கலையில் டெல்லிக்கு நிகர் டெல்லிதான்.

இதற்கு முன்பே இதே போலீசார் நியூ ஜெர்சியில் ஒரு போலிப் பல்கலைக்கழகம் நடத்தி, 2016இல் 21 தரகர்களைப் பிடித்திருந்தார்கள். மோசமான வானிலையால் வகுப்புகள் ரத்து என்று சமூக வலைத்தளத்தில் அறிவிப்புகூடப் போட்டது அந்தப் பல்கலைக்கழகம். இல்லாத வகுப்புக்கும் லீவு விட்ட பொறுப்புணர்ச்சியை நம் துணைவேந்தர்கள் கற்றுக்கொள்ளலாம்.

ஃபார்மிங்டனில் கட்டிய பணத்துக்கு ஈடு கேட்டு மாணவர் தரப்பு நீதிமன்றம் போனது. நாங்கள் இறையாண்மையுள்ள அரசாகச் செயல்பட்டோம், ஒப்பந்தத்தை மீறியதாக எங்கள்மீது வழக்குப் போட முடியாது என்றது அரசு. முதலில் விசாரித்த நீதிமன்றம் தலையாட்டியது. 2024இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கு நடக்கலாம் என்று கதவைத் திறந்தது. எலிப்பொறி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். பொறிக்குள் வைத்த மசால்வடைக்கு எலியிடமே காசு வாங்கி, திருப்பிக் கேட்டால் இறையாண்மை பேசியவர்களை இப்போதுதான் பார்க்கிறோம்.

சிக்கியவர் எல்லோரும் அப்பாவிகள் என்று நான் சொல்லவில்லை. வகுப்பு இல்லை என்று தெரிந்தே இருந்தவர்களும் உண்டு. ஆனால் படிப்புக்கு விசா என்று விலைச்சீட்டு ஒட்டியது யார்? முதுகலைப் பட்டத்துக்கு 20,000 என்று தனிக்கூடை வைத்தது யார்? மூன்றாண்டு வேலை வாங்கிவிட்டு, இருக்க வேண்டுமானால் மறுபடி ஃபீஸ் கட்டு என்பது யார்? சட்டத்தை எழுதியவன் படிப்பை விசாவாக விற்கலாம். அதை விசாவாக வாங்கியவன் மட்டும் குற்றவாளி. நடந்தது குற்றத் தடுப்பு அல்ல. ஓர் அரசாங்கம் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து செய்த வழிப்பறி.

நாமும் யோக்கியர்கள் இல்லை. மாட்டியவர்களில் பலர் ஆந்திர, தெலங்கானா பிள்ளைகள் என்றதும், அது அவர்கள் சமாச்சாரம் என்று சேனலை மாற்றினோம். புதிதாகச் சேரும் பொறியாளருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்ற சம்பளத்தைப் பத்தாண்டுக்கும் மேலாக அசையவிடாமல் காத்துவரும் நம் மென்பொருள் முதலாளிகளைக் கேள்வி கேட்டோமா? அவர்களுக்கு விருது கொடுத்தோம், பிள்ளைக்கு டிக்கெட் எடுத்தோம்.

எனவே தம்பி, மேற்படிப்பில் தாராளமாகச் சேர். சேரும்முன் எல்லாரும் உனக்கு ஒரே புத்திமதிதான் சொல்வார்கள்: அரசு அங்கீகாரம் பெற்ற இடமா என்று நன்றாகப் பார்த்துக்கொள். ஃபார்மிங்டனில் சேர்ந்தவர்களும் அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினார்கள்.