கொஞ்சம் கேளுங்க, மூச்சு விடுது!

பள்ளிகொண்டா டோல்கேட்டில் தடுப்புக் கட்டை மேலே எழும்புவதற்குள் அவர் கை ஏசி பட்டனுக்குப் போய்விடும். ஏசி அணையும். நாலு கண்ணாடியும் இறங்கும். பாட்டு நிற்கும். பின்சீட்டில் யாராவது போனில் பேசிக்கொண்டிருந்தால், "அண்ணே, ஒரு நிமிஷம் கட் பண்ணுங்க" என்பார். பிறகு இரண்டாவது கியரில் ஒரு மிதி. பானெட்டுக்குள்ளிருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று கிளம்பும். காலை எடுத்ததும் 'புஸ்' என்று அடங்கும்.

"கேட்டுச்சா?"

கேட்டது என்று உடனே சொல்லிவிட்டால் சந்தேகப்படுவார். "எங்க கேட்டீங்க, அதுக்குள்ள லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுட்டானே" என்று இன்னொரு தடவை மிதிப்பார். கேட்கவில்லை என்றாலோ மாதனூர் தாண்டும்வரை விடமாட்டார். தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, கச்சேரியில் முன்வரிசை கிடைத்தவரைப் போல 'ஆஹா' என்று ஒரு தலையாட்டு. அது கிடைத்தால்தான் கண்ணாடி மேலே ஏறும்.

அவர்தான். காரோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சிவப்புக் கோன் ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொண்டவர். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இவருடைய லிஃப்ட் தவிர்க்க முடியாதது.

"கம்பெனிக்காரன் காசு மிச்சம் பண்ண பிளாஸ்டிக் டப்பாவும் பேப்பரும் வச்சு மூக்கை அடைச்சுட்டான் சார். நான் திறந்துவிட்டேன். வண்டி இப்பதான் மூச்சு விடுது." பள்ளிகொண்டாவில் பத்து சதவீதமாக இருந்த பிக்கப் ஏற்றம், ஆம்பூர் மேம்பாலம் வருவதற்குள் இருபதாகிவிடும். நடுவில் ஒரு வரலாற்றுப் பாடமும் உண்டு: கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்டு என்ற இருவர் 1969-ல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் கே அண்ட் என் ஃபில்டர் கம்பெனியைத் தொடங்கிய கதை. கதை உண்மைதான். ஆனால் இவர் மாட்டியிருப்பது அந்தக் கம்பெனி சரக்கு அல்ல. சென்னை ஜி.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய, பெயரில்லாத கோன்.

இத்தனைக்கும் மனுஷர் பார்க்கும் வேலை என்ன? ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். வெளிநாட்டு பையர் கையெழுத்துப் போட்ட அப்ரூவ்டு சாம்பிளை மேசையில் வைத்துக்கொண்டு, தையல் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் ஜோடியையே ரிஜெக்ட் பண்ணுகிறவர். "இப்படித் தைச்சா இன்னும் அழகா இருக்கே சார்" என்று சூப்பர்வைசர் இழுத்தால், "அழகை நீ முடிவு பண்ணாதே, சாம்பிளைப் பார்" என்று சீறுவார். அதே வாய்தான் மாலையில், கார் செய்த இஞ்சினியருக்கு ஒன்றும் தெரியாது என்கிறது.

அந்த இஞ்சினியர் சும்மா வைக்கவில்லை அந்த டப்பாவை. அதன் மூக்குக் குழாய் இஞ்சின் சூட்டுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, முன்கிரில் பக்கத்திலோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ நீண்டு, வெளிக்காற்றை இழுக்கிறது. வெறுங்கோனுக்கு அந்த மூக்கு கிடையாது. பானெட்டுக்குள் எது இருக்கிறதோ அதைத்தான் குடிக்கும். 30 டிகிரி காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இவர் வண்டி டீசல், அதிலும் டர்போ. இண்டர்கூலர் கொஞ்சம் ஆற்றிக் கொடுக்கும், சரி. ஆனால் டீசல் இஞ்சினுக்குக் காற்று எப்போதுமே தேவைக்கு மேல்தான் போகிறது. இழுவையைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் பீச்சப்படுகிறது என்பதுதான். அதைக் கூட்டாமல் கோனை மட்டும் மாற்றினால் என்ன கிடைக்கும்?

சத்தம் கிடைக்கும். டர்போ காற்றை உறிஞ்சும் சத்தம் எல்லா வண்டியிலும் உண்டு. அது உள்ளே உட்கார்ந்திருப்பவர் காதில் விழக்கூடாது என்றுதான் அந்த டப்பாவும் அதன் கிளை அறைகளும் மெனக்கெட்டு வடிவமைக்கப்படுகின்றன. கம்பெனி காசு போட்டு அடக்கியதை இவர் காசு போட்டு எழுப்பிவிட்டார்.

ஏர் ஃபில்டரைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று உலகத் தரமே இருக்கிறது. எவ்வளவு காற்றை மறிக்கிறது, எவ்வளவு தூசியை உள்ளே விடுகிறது என்று இரண்டையும் அளப்பார்கள். இவர் முதல் கேள்வியோடு எழுந்து போய்விட்டவர். பாலாற்று மணல் லாரிக்குப் பின்னால், ரோடு வேலை நடக்கும் சர்வீஸ் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். கோனைக் கழுவி, எண்ணெய் போட்டு மாட்டவேண்டும். எண்ணெய் கொஞ்சம் கூடினால் அடுத்தாற்போல் இருக்கும் காற்றளவு சென்சாரில் போய்ப் படியும். அப்புறம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. அதைப் பற்றிக் கேட்டால், "அது சும்மா எரியும்" என்பார்.

நல்ல மனுஷர் என்பதில் சந்தேகமில்லை. ராத்திரி ஒரு மணிக்குப் போன் போட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து நிற்பார். நம் வீட்டுப் பெரியவரை சி.எம்.சி. எமர்ஜென்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார், டீசலுக்குக் காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார். என்ன, போகிற வழியில் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "பெரியப்பா, கேட்குதா?" என்பார். பெரியவரும் நெஞ்சைப் பிடித்தபடி தலையாட்டுவார்.

ஆனால் மே மாதத்து வேலூரில் விளையாட்டில்லை ஐயா இது. வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர். நாலு கண்ணாடியும் இறங்கினால் அனல் வரும், புழுதி வரும், டேனரிப் பக்கமாகப் போனால் அந்த வாடையும் வரும். காலையில் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்த சட்டை ஆபீஸ் வாசலில் பிழியும் நிலையில் இருக்கும். அடுத்தவன் தலைவலியோடு வருகிறானே என்று ஒரு நாளாவது சும்மா ஓட்டக்கூடாதா? ஓட்டமாட்டார்.

இதில் ஒரு சங்கதி. கழற்றிய கம்பெனி டப்பாவை அவர் தூக்கிப்போடவில்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கிளிப், ஸ்க்ரூ எதுவும் குறையாமல் பரணில் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "வண்டியை விக்கிறப்ப திரும்ப மாட்டிடணும் சார். வாங்க வர்றவன் கம்பெனி ஃபிட்டிங்கான்னுதான் முதல்ல கேட்பான்" என்றார்.

எனவே இந்தப் பக்கம் பழைய டீசல் கார் வாங்கப்போகிறவர்கள் பானெட்டைத் திறந்து டப்பா இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். நடுவில் எத்தனை வருஷம் அது பரணில் இருந்தது என்று விசாரியுங்கள். வாங்கியதும் புது பேப்பர் ஃபில்டர் போட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும்.